வெள்ளிக்கிழமை அடுப்பு

போன மாதம் டவுன்ஹால் ரோட்டில் ஒரு ஓட்டலுக்குச் சாப்பிடப் போனேன். புது ஓட்டல். சுவரெல்லாம் கண்ணாடி. பரிமாறிய பையனிடம், "தம்பி, இந்தக் குருமாவில் என்ன போட்டிருக்கு?" என்று கேட்டேன். அவன் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "எல்லாம் நல்லாத்தான் இருக்கும் பெரியவரே, சாப்பிடுங்க" என்று சொல்லிக்கொண்டே அடுத்த மேசைக்குப் போய்விட்டான். எனக்கு வந்த ஆத்திரத்தில் இலையை மூடிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

நல்லா இருக்குமா என்று நான் கேட்கவில்லை. என்ன இருக்கிறது என்று கேட்டேன். அது தெரியாதவனுக்கு அந்த இடத்தில் என்ன வேலை? பாத்திரத்தை அடுக்களையிலிருந்து மேசைக்குக் கொண்டுபோக ஒரு தள்ளுவண்டி போதுமே.

உங்கள் ஓட்டல் தொழிலாளர் சங்கத்து மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று நீங்கள் வந்து கேட்டபோது இந்த ஆத்திரத்தோடுதான் சரி என்றேன். எனக்கு அலங்காரமாக எழுத வராது. நாற்பது வருஷம் பரிமாறியவன், பேசவே கற்றுக்கொள்ளவில்லை என்று என் வீட்டில் சொல்வார்கள். தட்டை எப்படிப் பிடிப்பது, மேசையை எப்படித் துடைப்பது என்பதை எல்லாம் உங்கள் மேனேஜர் சொல்லித் தருவார். நான் ஒரே ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். தேவையென்றால் எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் வேலை கற்றது மதுரை ரயில்வே காலனிக்கு எதிரே இருந்த ஓர் இத்தாலிக்காரர் சாப்பாட்டுக்கடையில். முப்பதுகளில் நடந்த கதை. இத்தாலிக்காரனுக்கு மதுரையில் என்ன வேலை என்று சிரிப்பீர்கள். கேக்கும் மிட்டாயும் செய்கிற வேலைக்கு மதராசுக்கு வந்த மனிதர் அவர். மதுரையில் ஓர் எஞ்சின் டிரைவர் வீட்டுப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். சட்டைக்காரக் குடும்பம், அதாவது ஆங்கிலோ இந்தியர்கள். மாமனார் வீட்டுக்கு நேர் எதிரிலேயே ஓட்டுக் கட்டடம் ஒன்றைப் பிடித்துக் கடை போட்டுவிட்டார். நாங்கள் அவரைத் துரை என்போம், அந்த அம்மாவைத் துரைசாணி என்போம். துரைசாணிக்குத் தமிழ் நன்றாக வரும். திட்டும்போது இன்னும் நன்றாக வரும். துரைக்கு வந்தது அரைத்தமிழ்.

எனக்கு வாடிப்பட்டிப் பக்கம். அண்ணன் தம்பிகள் நிலத்தைப் பங்கு போட்டதில் எனக்கு வரப்புதான் மிஞ்சியது. அதனால் மதுரைக்கு வந்தேன். தட்டுக் கழுவச் சேர்ந்து, பரிமாறுகிறவனாக ஆனேன்.

அது குடும்பங்கள் வந்து சாப்பிடுகிற கடை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் காலனிக் குடும்பங்கள் பிள்ளைகுட்டிகளோடு வந்துவிடும். பிள்ளைகள் மேசைக்கு அடியில் ஓடும். தட்டைக் கவிழ்த்தால் துரை கைதட்டிச் சிரிப்பார். கோதுமை மாவில் செய்து உலர்த்திய தடித்த சேமியாதான் கடையின் சாப்பாடு. குழாய் மாதிரி ஒன்று, நாடா மாதிரி ஒன்று, சங்கு மாதிரி ஒன்று என்று அதில் பல வகை. துரை ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் சொல்வார். மதுரைக்காரன் எல்லாவற்றுக்கும் சேர்த்து 'தடிச் சேமியா' என்று ஒரே பெயராக வைத்துவிட்டான்.

அங்கே நான் முதலில் கற்றது, சாப்பிடுகிறவன் பேச்சை நம்பாதே, தட்டைப் பார் என்பது. காலனியிலிருந்து ஒரு ரயில் கார்டு வருவார். வாராவாரம் "ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்று சொல்லிவிட்டுப் பாதித் தட்டை அப்படியே வைத்துவிட்டுப் போவார். அவர் ஒரு பக்கமாகவே மெல்லுவதைக் கவனித்தேன். அடுத்த வாரம் அவருக்கு மட்டும் குழைய வேகவைக்கச் சொல்லிக் கொண்டுபோனேன். தட்டு காலி. "ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்று அன்றைக்கு அவர் சொல்லவில்லை. பல்வலிக்காரன் ரகசியத்தைக் கண்டுபிடித்துவிட்டாயே என்று ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். வாயால் சொல்வது மரியாதைக்கு. தட்டில் மிஞ்சுவதுதான் நிஜம்.

அப்புறம் ரயில்வேயில் ஆட்குறைப்பு வந்தது. காலனியில் பாதி வீடு பூட்டிக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை மேசைகளில் ஈ உட்கார்ந்தது. கடையை விற்றுவிட்டுப் பெண்டாட்டி பிள்ளைகளோடு கப்பலேறலாம் என்று துரை பேச ஆரம்பித்தார். துரைசாணி மதுரையை விட்டு வர மாட்டேன் என்று அழுதாள். கடை மூடினால் எனக்கு வரப்பு இருந்தது. அந்த அம்மாவுக்குக் கப்பல்தான்.

"டவுனுக்குள்ள இருக்கிற நம்ம குடும்பங்களைக் கூப்பிடுவோம் துரை" என்றேன்.

"வர மாட்டாங்க. இங்கே எல்லாம் கறி சட்டி."

"உங்க வேதத்துல வெள்ளிக்கிழமை விரதம், நீங்க கறி திங்க மாட்டீங்க. எங்க ஆளுகளும் திங்க மாட்டாங்க. அன்னைக்கு மட்டும் கடையையே சைவமாக்கிருவோம்."

துரை என்னைப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனார். பிறகு கொல்லையைக் காட்டி, "அங்கே அடுப்பு" என்றார்.

அப்படித்தான் வெள்ளிக்கிழமை அடுப்பு வந்தது. கொல்லையில் கீற்றுக் கொட்டகை. தனி அடுப்பு, தனிப் பாத்திரம், தனித் தட்டு. மற்ற நாளில் அவற்றைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவோம். சமைக்க காஜிமார் தெரு பாய். துரைக்கு வலது கையாக இருந்த சமையல்காரர். மத்தியானம் ஜும்ஆ தொழுகையை முடித்துவிட்டு வந்து அடுப்பைப் பற்றவைப்பார். "பிரியாணிக்குத் தம் போடுற கைடா இது மாப்ள. உன் பேச்சைக் கேட்டுப் பூண்டு உரிச்சிக்கிட்டுக் கிடக்கேன்" என்று என்னைத் திட்டுவார். ஆனால் கொட்டகைக்குள் காலைக் கழுவாமல் நுழைய மாட்டார், எங்களையும் விடமாட்டார்.

டவுன் குடும்பங்கள் வந்தன. முதலில் தயங்கித் தயங்கி, பிறகு ஜட்கா ஜட்காவாக. தெருவில் போகிறவர் கண்ணில் பெண்கள் படக்கூடாது என்று ஜன்னலுக்குத் திரை கட்டினோம். அப்புறம் எச்சில் பிரச்சினை. துரை வழக்கப்படி ஒரு பெரிய தட்டை மேசை நடுவில் வைப்பார், குடும்பத்தோடு எல்லாரும் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். நம் ஆட்கள் அந்தத் தட்டைத் தொடவில்லை. வாயில் வைத்த முள்கரண்டியை ஒருவர் அதில் விட்டால் மற்றவர் எப்படி எடுப்பார்? நானே கரண்டியோடு நின்று ஆளாளுக்குப் பரிமாறினேன். "இது குடும்பமா, கல்யாணமா?" என்று துரை தலையில் அடித்துக்கொண்டார்.

அவருக்குப் பொறுக்காத இன்னொன்று உண்டு. வீட்டில் புருஷன் சாப்பிட்டு முடித்த பிறகுதான் மனைவி சாப்பிடுவாள். கடையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தாலும் அந்தப் பழக்கம் போகவில்லை. பெண்கள் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். புருஷன் முக்கால்வாசி முடிக்கும்வரை முள்கரண்டியைத் தொட மாட்டார்கள். துரை அடுக்களைக் கதவிடுக்கில் நின்று, "ஆறிப்போகுது! ஆறிப்போகுது!" என்று என்னிடம் புலம்புவார். நான் போய் அந்தப் பொம்பளைகளுக்கு ஊட்டவா முடியும்?

வந்தவர்களில் முக்கியமானவர் கீழமாசி வீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்த அண்ணாச்சி. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த அசல் சைவக் குடும்பம். எங்கள் மேசைத் துணியெல்லாம் அவர் கடையில் எடுத்ததுதான். கான்வென்டில் படித்த இரண்டு பெண்பிள்ளைகளும் நச்சரித்து அவரை இழுத்துக்கொண்டு வந்தன. அண்ணாச்சி வருகிற கடை என்றால் நம்பலாம் என்றே மற்றவர்கள் வந்தார்கள். அது எங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். "என்னவே, இன்னிக்கும் இந்த மண்புழுதானா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வருவார். சொட்டு மிச்சம் வைக்க மாட்டார். அவர் வீட்டம்மா அதிகம் பேசாது. புருஷன் தட்டு காலியாகும்வரை கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

அன்று பாய் வீட்டில் ஒரு நிக்காஹ். சாயங்காலம்தான் வருவேன் என்று சொல்லியிருந்தார். துரையே கொட்டகையில் சமைத்தார். காலையிலிருந்தே உற்சாகம். மதராசிலிருந்து அவருக்கு ஏதோ பார்சல் வந்திருந்தது. பாடிக்கொண்டே வேலை செய்தார். இன்றைக்கு என் அம்மா செய்கிற மாதிரி என்றார். நான் முன்னால் மேசை போடுகிற அவசரத்தில் இருந்தேன்.

கூடம் நிறைந்துவிட்டது. அண்ணாச்சி குடும்பத்துக்குப் பரிமாறினேன். அண்ணாச்சி ஒரு வாய் வைத்தார். கண்ணை மூடித் திறந்தார். "ஏவே, இன்னிக்கு உம்ம துரை என்ன மாயம் பண்ணினார்? மத்த நாள் சாப்பாடெல்லாம் சாப்பாடா?" என்றார். பெண்பிள்ளைகளும் வேகவேகமாகச் சாப்பிட்டன. எனக்கும் சந்தோஷம். இன்னும் கொஞ்சம் எடுத்துவர உள்ளே போனேன்.

கொட்டகை வாசலில் பாய் நின்றுகொண்டிருந்தார். நிக்காஹ் வீட்டுச் சட்டை, அத்தர் வாசனை. கையில் ஒரு சின்னத் தகரடப்பா. மூடி சுருண்டு திறந்திருந்தது.

"மாப்ள, இதை மோந்து பாரு."

மோந்து பார்த்தேன். பூண்டும் தக்காளியும் கொதிக்கிற வாசனையில் முன்னால் தெரியாதது இப்போது தெரிந்தது. நெத்திலி. எண்ணெயில் ஊறவைத்த நெத்திலி மாதிரி மீன்.

துரை கரண்டியோடு சிரித்தபடி திரும்பினார். எங்கள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"துரை, மீனா போட்டீங்க?"

"மீன் ரொம்பச் சின்னது. உருகிப் போச்சு. இப்போ மீன் இல்லை, உப்பு."

"வெள்ளிக்கிழமை கறி கிடையாதுன்னுதானே..."

"கறி இல்லையே! எங்க சாமி வெள்ளிக்கிழமை மீன் சரி சொல்லுது. அம்மா எப்பவும் வெள்ளிக்கிழமை இதுதான்."

"உங்க சாமி சரின்னு சொல்லும் துரை. அவுக சாமி சொல்லாது."

அவருக்குப் புரிய ஒரு கணம் ஆனது. புரிந்ததும் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டார். அந்த மனிதர் மோசடி செய்யவில்லை. விருந்தாளிக்குத் தன் அம்மா கைப்பக்குவத்தைக் கொடுக்க ஆசைப்பட்டார். அவர் ஊர் வழக்கத்தில் விரத நாளில் மீனுக்குத் தடை இல்லை. நெத்திலி ஒரு சைவக்காரனுக்கு ஆட்டுக்கறிக்குச் சமம் என்பது அவர் தலையில் ஏறவே இல்லை. மீன் வாங்கி வந்து சமைத்திருந்தால் நாங்கள் பார்த்திருப்போம். டப்பாவில் வந்ததை யார் பார்த்தது?

துரை என் கையைப் பிடித்துக்கொண்டார். "சொல்லாதே. இனிமேல் போட மாட்டேன். எப்பவும் போட மாட்டேன். சொன்னா கடை போச்சு."

அவர் சொன்னது சரிதான். சொன்னால் கடை போய்விடும். சொல்லாவிட்டால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. தின்றவர்கள் சந்தோஷமாகத் தின்றுகொண்டிருக்கிறார்கள். நானும் ஒரு நிமிஷம் நின்றேன். பாய்தான் பேசினார். சத்தம்கூடப் போடவில்லை.

"எனக்குத் தெரியாம என் தட்டுல பன்னியைப் போட்டுட்டு, தெரிஞ்ச ஒருத்தன் பக்கத்துல நின்னு வேடிக்கை பார்த்தான்னு வை. போட்டவனை நான் மன்னிப்பேன் மாப்ள. நின்னவனை மன்னிக்க மாட்டேன்."

அதற்கு மேல் அங்கே நிற்க எனக்கு என்ன இருக்கிறது? கதவைத் தள்ளிக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். அப்போதுதான் தட்டைப் பார்த்தேன். அண்ணாச்சி தட்டு காலி. பிள்ளைகள் தட்டு காலி. வீட்டம்மா தட்டு மட்டும் வைத்தபடி இருந்தது. புருஷன் முடித்துவிட்டார் என்று அந்த அம்மா அப்போதுதான் முள்கரண்டியைக் கையில் எடுத்தது. சேமியாவைச் சுற்றி வாய்க்குக் கொண்டுபோகிறது.

நான் ஓடிப்போய் அந்த அம்மாவின் தட்டுக்கு மேல் என் கையை நீட்டி மறித்தேன். பரிமாறுகிறவன் ஒரு பெண்பிள்ளையின் தட்டுக்குக் குறுக்கே கையை நீட்டுவது அந்தக் காலத்தில் அடி வாங்குகிற காரியம். கூடம் முழுக்கத் திரும்பியது.

"சாப்பிடாதீங்கம்மா" என்றேன். அண்ணாச்சி பக்கம் குனிந்தேன். "அண்ணாச்சி, இதுல மீன் கலந்திருக்கு. நெத்திலி மாதிரி மீன். இப்பத்தான் எங்களுக்குத் தெரியும்."

தம்பிகளே, இதை மட்டும் கவனியுங்கள். முதலில் என்ன இருக்கிறது என்று சொன்னேன். எப்படி நேர்ந்தது என்பதை அப்புறம் சொன்னேன். நீங்கள் செய்வது தலைகீழ். "சார், தப்பா நினைக்காதீங்க சார், ஒரு சின்ன விஷயம் சார், மாஸ்டர் லீவு சார்" என்று ஆரம்பிப்பீர்கள். நீங்கள் விஷயத்துக்கு வருவதற்குள் அவன் இரண்டு வாய் விழுங்கியிருப்பான்.

அண்ணாச்சி உடனே கத்தவில்லை. "மீனா?" என்று குழந்தை மாதிரிக் கேட்டார். அப்புறம் எழுந்தார். கொல்லைக் கிணற்றடிக்குப் போய் வாயைக் கொப்பளித்தார், கொப்பளித்தார், கொப்பளித்துக்கொண்டே இருந்தார். பெரிய பெண் வாந்தி எடுத்தது. திரும்பி வந்தபோதுதான் அவர் குரல் வந்தது.

"எங்க வீட்டு வாசல்ல மீன்காரி கூடையை இறக்கி மூச்சு வாங்கினதுகூடக் கிடையாதுவே! எங்க வம்சத்துல ஒருத்தன் வாயில பட்டது கிடையாது! சேமியான்னு சொல்லி என் பிள்ளைய வாயில மீனை வச்சிட்டியளே!"

மேசைத் துணியைப் பிடித்து இழுத்தார். அவர் கடைத் துணிதான். தட்டுகள் எல்லாம் தரையில் உருண்டன. மற்ற மேசைக்காரர்களும் எழுந்துவிட்டார்கள். ஒரு வக்கீல் குமாஸ்தா மட்டும் என் பக்கத்தில் வந்து, "ஏன்யா, உன்னை எவன் சொல்லச் சொன்னான்? நான் பாட்டுக்கு நிம்மதியாத் தின்னுக்கிட்டு இருந்தேன்" என்று பல்லைக் கடித்தார். சில பேருக்குத் தெரியாமல் இருப்பதுதான் சௌகரியம். ஆனால் யாருக்கு அந்தச் சௌகரியம் வேண்டும் என்று முடிவு செய்வது நான் இல்லை.

ஜட்காக்கள் எல்லாம் போன பிறகு துரை வந்தார். அந்த டப்பா அவர் கையில் இருந்தது.

"நீ என் கடையைக் கொன்னுட்டே. போ."

"நாளைக்குக் காலையில வாரேன் துரை. அப்பவும் போகச் சொன்னீங்கன்னா போறேன்."

"இவனை அனுப்பினீங்கன்னா நானும் எங்கப்பா வீட்டுக்குப் போயிருவேன்" என்றாள் துரைசாணி.

"உங்க அப்பா வீடு எதுத்தாப்புலதானம்மா இருக்கு" என்றார் பாய்.

காலையில் நான் போனேன். துரை துடைப்பத்தை எடுத்து என் பக்கம் சாய்த்து வைத்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அடுப்பைப் பற்றவைத்தோம். ஒருவரும் வரவில்லை. அதற்கு அடுத்த வெள்ளியும் வரவில்லை. சமைத்ததை நாங்களே தின்றோம். கட்டடத்தை வாங்கிக்கொள்ள ஒரு ஆள் வந்து அளந்து பார்த்துவிட்டுப் போனான். துரைசாணி அவன் அளக்க அளக்கப் பின்னாலேயே நடந்தாள்.

ஒரு நாள் முற்பகல். கொல்லைப்பக்கச் சந்து வழியாக அண்ணாச்சி வந்து நின்றார். தனியாக வந்திருந்தார். அடிக்க வந்திருக்கிறார் என்றே நினைத்தேன்.

"அடுப்பைக் காட்டுவே" என்றார்.

காட்டினேன். ஒவ்வொரு பாத்திரமாக மூடியைத் திறந்து பார்த்தார். பெட்டியில் இருந்த தட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு ஜாடியைத் திறந்து முகத்தைச் சுளித்தார்.

"இது என்ன, ஊசிப்போன வெண்ணெயா?"

"சீஸ் அண்ணாச்சி."

"இதுவும் வேண்டாம்." மூடியைப் போட்டு மூடினார். பாய் கொடுத்த முக்காலியில் உட்கார்ந்தார். "திருப்பரங்குன்றத்துக்குப் போய் சரவணப்பொய்கையில முழுகிட்டு வந்தேன். உம்ம துரையால எனக்கு ஒரு முழுக்கு."

துரை கைகட்டி நின்றார்.

"நான் வரதா இல்லை" என்றார் அண்ணாச்சி. "எம் வீட்டுக்காரிதான் அனுப்பினா. ராத்திரி பகலா ஒரே பேச்சு. வாயைத் திறக்காத பொம்பளை. 'மத்த கிளப்புக்கடையில எல்லாம் எண்ணெயோட எதைக் கலந்தான்னு எவனாவது நமக்குச் சொல்லியிருக்கானா? தெரியாம எம்புட்டோ தின்னிருப்போம். இந்த ஒருத்தன்தான் ஓடி வந்து கையைக் குறுக்க நீட்டினான். சாப்பிட்டா அந்தக் கடையில சாப்பிடுவேன், இல்லை, வெளியில எங்கயும் சாப்பிட மாட்டேன்'ங்கா." அவருடைய திருநெல்வேலிப் பேச்சில் 'எம்புட்டு' கிடையாது. வீட்டம்மா மதுரைப் பிறப்பு. அவள் சொன்னதை அப்படியே சொல்கிறார் என்று தெரிந்தது. "ஆனா ஒண்ணு. தட்டை வைக்க முன்னால, அதுல என்னென்ன இருக்குன்னு நீ வாய்விட்டுச் சொல்லணும். ஒண்ணுவிடாம. அப்புறம்தான் கரண்டியைத் தொடுவோம்."

"சொல்லுவான்" என்றார் துரை. அன்று அவர் பேசிய ஒரே வார்த்தை அதுதான்.

அன்றிலிருந்து அது கடையின் வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு மேசைக்கும் போய் நின்று சொல்வேன். "தடிச் சேமியா, கோதுமை. தக்காளி, பூண்டு, வெங்காயம். நல்லெண்ணெய். வெண்ணெய் கொஞ்சம். மிளகு, உப்பு. வேற ஒண்ணும் இல்லை." பிள்ளைகள் கூடவே சேர்ந்து சொல்லும். "ஓய், அர்ச்சனையை முடிச்சிட்டுப் பரிமாறும்" என்று கேலி செய்வார்கள். கேலி செய்யட்டும். அதைச் சொல்வதற்காக நான் ஒவ்வொரு வெள்ளியும் அடுப்பங்கரையில் நின்று, என்ன விழுகிறது என்று கண்ணால் பார்த்தே ஆக வேண்டியிருந்தது. பார்க்காததை நான் சொல்ல மாட்டேன். துரைக்கே சில நாள் எரிச்சல் வரும். "நீ போலீஸ்!" என்பார். கட்டடத்தை அளந்த ஆள் மறுபடி வரவில்லை.

அப்படி ஒரு நாலைந்து வருஷம் ஓடியது. யுத்தம் வந்தது. இத்தாலி எதிரிப் பக்கம் சேர்ந்ததும், ஒரு காலையில் நிஜமாகவே போலீஸ் வந்தது. இத்தாலிக்காரர்களை எல்லாம் காவலில் வைக்க உத்தரவு என்றார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். துரை சட்டையை மாற்றிக்கொண்டார், பிள்ளைகளை முத்தமிட்டார். என்னிடம் வந்து, "வெள்ளிக்கிழமை மூடாதே" என்றார். அவ்வளவுதான்.

காலனிக்காரர்கள் அன்றோடு வருவதை நிறுத்தினார்கள். நேற்றுவரை துரையின் மேசையில் பிள்ளைக்குப் பிறந்தநாள் கொண்டாடியவர்கள், எதிர்ப்பக்க நடைபாதையில் நடந்து போனார்கள். துரைசாணியின் சொந்த அண்ணனே வரவில்லை. அது போதாதென்று டவுனுக்குள் ஒரு பேச்சு கிளம்பியது. எதிரி நாட்டுக்காரன் கடையில் சாப்பாட்டில் விஷம் வைக்கிறார்கள் என்று. எவன் கிளப்பினானோ, அவன் வாய் அழுகிப்போக. கல்லாவில் துரைசாணி உட்கார்ந்திருந்தாள். மடியில் கடைசிப் பிள்ளை. கடை மூடினால் அவளுக்குப் போக இடமில்லை. எதிர்த்த வீட்டுக் கதவும் அப்போது சாத்திக் கிடந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. பாய் ஜும்ஆ முடித்து வந்தார். "யாருக்குடா மாப்ள சமைக்க?" என்றார். "அடுப்பைப் பத்த வைங்க பாய்" என்றேன். மேசைகளைப் போட்டோம். விளக்கேற்றினோம். எதிரே வெற்றிலைக் கடையில் ஒரு கூட்டம் வேடிக்கை பார்த்தபடி நின்றது.

தம்பிகளே, சிலபேர் என்னைக் கேட்டிருக்கிறார்கள், உண்மையைச் சொன்னால் வியாபாரம் நடக்குமா என்று. எனக்கு வியாபாரம் தெரியாது. யுத்தம் முடிந்து துரை இளைத்துத் திரும்பி வந்தபோது கடை இருந்தது. அது எப்படித் தப்பியது என்று மட்டும் தெரியும்.

அந்த வெள்ளிக்கிழமை, விளக்கேற்றிக் கொஞ்ச நேரத்தில் ஒரு ஜட்கா வந்து நின்றது. அண்ணாச்சி இறங்கினார். பின்னால் வீட்டம்மா, இரண்டு பெண்கள். பெரியவளுக்குக் கல்யாணமாகிக் கைக்குழந்தை இருந்தது. அண்ணாச்சி வழக்கமான உள்மேசைக்குப் போகவில்லை. தெருப்பக்கத்து ஜன்னல் மேசையில் போய் உட்கார்ந்தார்.

"திரையைத் தூக்குவே" என்றார்.

"அண்ணாச்சி, வீட்டம்மா இருக்காக. தெருவுல நிக்கிறானுக."

"அதுக்குத்தான் தூக்கச் சொல்லுதேன்."

திரையைத் தூக்கிக் கட்டினேன். வெற்றிலைக் கடைக் கூட்டம் நேராக எங்களைப் பார்த்தது. பாய் தட்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"ம். சொல்லு" என்றார் அண்ணாச்சி. "தெருவுக்குக் கேக்கும்படியாச் சொல்லு."

"தடிச் சேமியா, கோதுமை" என்றேன். தெருவுக்கு எட்டவில்லை. குரலை உயர்த்தி மறுபடி ஆரம்பித்தேன். "தக்காளி, பூண்டு, வெங்காயம். நல்லெண்ணெய். வெண்ணெய் கொஞ்சம். மிளகு, உப்பு. வேற ஒண்ணும் இல்லை."

தட்டுகளை வைத்தேன். கல்லாவில் துரைசாணி பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அண்ணாச்சி முள்கரண்டியை எடுக்கக் கையை நீட்டினார்.

அதற்குள் வீட்டம்மா தன்னுடையதை எடுத்துவிட்டது. இத்தனை வருஷமாகப் புருஷன் தட்டு காலியாகும்வரை கையை மடியில் வைத்திருந்த பொம்பளை. யாரையும் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்து, சேமியாவைச் சுற்றி எடுத்து, ஒரு வாய் சாப்பிட்டது. மென்று விழுங்கியது. அண்ணாச்சி நீட்டிய கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"உப்பு ஒரு கல்லு கம்மியா இருக்கு" என்றது அந்த அம்மா.

நான் உப்பு எடுக்க உள்ளே போனேன்.